தொட்டிக்கு 18, எங்களுக்கு 34

போன கிழமை சில்லரை (தொட்டித் தண்ணியைக் குளிராக்கும் மெசினை) திருத்தி எடுத்து வட்சப்பில் படம் போட்டேன். உடனே மட்டக்களப்பு நண்பன் கேட்டான்: "மச்சான், அக்சலோட்டில் வளர்க்க இது வாங்கலாமோ?" மூன்று வருசப் பாவனை, இரண்டு தரம் திருத்தம். ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

அக்சலோட்டில் என்றால் பல்லி மாதிரி நாலு காலும் வெளியே நீட்டிய செவுளுமாகத் தண்ணிக்குள்ளேயே வாழுகிற சீவன். அதன் ஊர் மெக்சிக்கோ நகரத்துச் சொச்சிமில்கோ வாய்க்கால்கள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே, நுவரெலியாவை விடவும் உயரம். 16, 18 பாகைத் தண்ணியில் சுகமாகக் கிடக்கும். 24ஐத் தாண்டினால் சாப்பாட்டை விடும், செவுள் முன்பக்கம் வளையும், பூஞ்சணம் பிடிக்கும். திருகோணமலை உவர்மலையில் எங்கட வீட்டுத் தொட்டியைச் சும்மா விட்டால் வைகாசியில் 30. "கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு, எட்டாவது எங்கட விறாந்தையில" என்பார் அப்பா.

முதலில் தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் காற்றாடிதான் பூட்டினேன். கச்சான் காற்று அடிக்கிற நாளில்தான் அது திறமாக வேலை செய்தது! காய்ந்த காற்று தண்ணியை உறிஞ்சிக்கொண்டு போகப் போக 3 பாகை வரைக்கும் இறங்கும். கடல்காற்று ஈரத்தோடு திரும்பினால் வெப்பமானி முள் அசையாது. ஊரே திட்டுகிற கச்சானை வா வா என்று கூப்பிட்டவன் திருகோணமலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஆனால் 30இல் 3 போனால் மிச்சம் 27. உறைந்த தண்ணிப் போத்தலை மிதக்க விட்டும் பார்த்தேன். காலையில் 21, மத்தியானம் 27. அந்த ஏற்ற இறக்கம் வெக்கையை விடக் கொடுமை. ஒருநாள் அது வாடிப்போய்க் கிடக்க, தண்ணியோடு ஒரு பெட்டியில் போட்டுப் பிறிட்ஜில் வைத்தேன். சம்பல் பெட்டி என்று நினைத்து அம்மா திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தின் பிறகுதான் சில்லர் வாங்கக் காசு கிடைத்தது.

கொம்பிரசர் வைத்த சில்லர். 18 என்று வைத்தால் 18தான். அதில் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும்.

ஆனால் தண்ணியில் இருந்து எடுத்த சூட்டை அது என்ன செய்கிறது? தன் கரண்ட் சூட்டையும் சேர்த்து வீட்டுக்குள்ளேயே ஊதுகிறது! கடைக்காரன் இதைப் பற்றி மூச்சும் விடவில்லை, நானும் யோசிக்கவில்லை. சில்லர் ஓடுகிற அறையில் பின்னேரம் 34. அறை சூடாகச் சூடாகச் சில்லர் இன்னும் கனநேரம் ஓடும், அறை இன்னும் சூடாகும். மெக்சிக்கோக்காரன் குளிரில் சிரித்துக்கொண்டு கிடப்பான் (அந்த முகம் எப்பவும் சிரிக்கிற முகம்தான்), நாங்கள் விசிறியால் விசுக்கிக்கொண்டு இருப்போம்.

சரி, வெளி விறாந்தையில் வைப்போம் என்றால் உப்புக்காற்று விடுகிறதா? எட்டு மாதத்தில் காற்றாடி மோட்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. அது முதல் திருத்தம். திரும்ப உள்ளே கொண்டுவந்து சுவரோடு ஒட்டி வைத்தேன், இந்த முறை தூசி அடைத்துக் குளிரே இல்லை. பிறிட்ஜ் திருத்துகிற அண்ணை பின்பக்கத் தகடுகளைப் பிரஷ்சால் தட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, இதுக்கு மூச்சு விட இடம் வேணும். நீர் மூக்கைப் பொத்தி வச்சிருக்கிறீர்." இப்போது யன்னலோரம், பின்பக்கம் வெளியைப் பார்த்தபடி, மாதம் ஒரு தூசி தட்டலோடு ஓடுகிறது. உப்பு அங்கேயும் வரத்தான் செய்யும்.

இவ்வளவு காசு கொட்டியும் மனம் நிறைந்தது எதில் தெரியுமா? மீன்காரரிடம் சும்மா வாங்கிய றெஜிபோம் (தெர்மாக்கோல்) பெட்டிகளில். வெட்டித் தொட்டியின் மூன்று பக்கமும் அடியிலும் ஒட்டினேன். சில்லர் ஓடுகிற நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. 2025 பெப்ரவரி 9, ஒரு குரங்கால் நாடு முழுக்கக் கரண்ட் போன அந்த ஞாயிறு, மணிக்கணக்காகியும் தண்ணி 20ஐத் தொடவில்லை. நான்தான் வேர்த்து ஊறிப்போனேன்.

நண்பனுக்கு எழுதினேன்: "வாங்காதே. கடற்கரை ஊருக்கு இந்தச் சீவனும் சரிவராது, சில்லரும் சரிவராது." அனுப்பிவிட்டு மண்புழு போடப் போனேன். செவுளை விரித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து என் விரலடிக்கு வந்தது. திரும்பி வந்து இன்னொரு வரி தட்டினேன்: "அங்க ஆரும் பழைய சில்லர் விக்கினம் எண்டால் முதல் எனக்குச் சொல்லு. ஸ்பெயாருக்கு ஒண்டு வேணும்."