ஜப்பானியச் சாணைக்கல் என்று நம்பிக் கொடுத்த 6,400 போச்சு: 1000 கிரிட் கல் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்றால் எழுதாமலே போய்விடும். அதனால் இப்போதே எழுதுகிறேன். 6,400 கொடுத்து வாங்கிய 1000 கிரிட் ஜப்பானியச் சாணைக்கல் போலி. பணம் திரும்பக் கிடைக்காது என்று இன்று காலையில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஊசி முதல் ஃப்ரிட்ஜ் வரை எல்லாம் விற்கிற பெரிய ஆன்லைன் தளம் ஒன்று, அதற்குள் கடை போட்டிருக்கும் ஒரு விற்பனையாளர். பெயர் போடவில்லை. அந்தக் கடையின் பெயர் ஏற்கெனவே ஒருமுறை மாறிவிட்டது, இன்னும் மாறும். அவர்கள் ஏமாற்றும் விதம் தெரிந்தால் போதும். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கல்லைப் பற்றி. கிரிட் என்பது கல்லில் உள்ள துகளின் அளவைச் சொல்லும் எண், எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். சமையல் கத்திக்கு ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்றால் அது 1000 ஆகத்தான் இருக்க வேண்டும். ஜப்பானில் 800 முதல் 2000 வரை உள்ளவற்றை நகாதோ, அதாவது நடுத்தரக் கல் என்கிறார்கள். அதற்குக் கீழே உள்ளவை விளிம்பு உடைந்த கத்தியைச் சீர்செய்யும் முரட்டுக் கற்கள். 3000க்கு மேலே போனால் மெருகு. மழுங்கிய கத்தியில் பிசிர் (தீட்டும்போது விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய உலோகம்) எழும்பிக் கூர் பிறப்பது நடுக்கல்லில்தான். இங்கே கூர் வராவிட்டால் அப்புறம் 6000, 8000 என்று எதில் தேய்த்தாலும் கத்தி பளபளக்கும், வெட்டாது. அதனால்தான் இந்த ஒரு கல்லுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மூன்று ஜப்பானியக் கற்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிங் 1000 பழுப்பு நிறம், மென்மையான கல். குமிழி நிற்கும் வரை தண்ணீரில் ஊற வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சேறு நிறைய வரும், அந்தச் சேறும் சேர்ந்துதான் கத்தியைத் தீட்டும். புதிதாகப் பழகுகிறவர் கைக்கு இதமான கல். ஆனால் நடுவில் சீக்கிரம் குழிந்துவிடும், அடிக்கடி சமப்படுத்த வேண்டும். டீலக்ஸ் வகை 34 மி.மீ. தடிமன் என்பதால் தேய்ந்தாலும் நீண்ட காலம் உழைக்கும். நானிவா சோசெரா 1000 (இப்போது ப்ரொஃபெஷனல் என்ற பெயரில் கொஞ்சம் மெலிந்து 20 மி.மீ. தடிமனில் வருகிறது) மக்னீசியாவால் பிணைத்த அடர்த்தியான கல். தண்ணீர் தெளித்தால் போதும். கத்தி கல்லில் படிவது விரலுக்குத் தெரியும், தீட்டுவதற்கு மூன்றிலும் இதுதான் சுகமானது என்பது என் கருத்து. நீண்ட நேரம் ஊறவிட்டாலோ வெயிலில் காயவைத்தாலோ விரிசல் விடும் என்பதுதான் பயம்.

மூன்றாவது ஷாப்டன் குரோமாக்கு 1000. ஆரஞ்சு நிறம், 15 மி.மீ. தடிமன், மூன்றிலும் கடினமானது. தண்ணீர் தெளித்த உடனே வேலையை ஆரம்பிக்கலாம். எஃகை வேகமாக எடுக்கும், குழிவது மிக மெதுவாக. கண்ணாடி மேல் தேய்ப்பது போன்ற உணர்வு, சிலருக்குப் பிடிக்காது. உடன் வரும் பிளாஸ்டிக் பெட்டியே கல்லுக்குத் தாங்கியாகவும் ஆகும். என் கத்தி கொஞ்சம் கடினமான எஃகு. ஊறவைத்துக் காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. எனவே ஆரஞ்சுக் கல்.

நம்பிய இடம் எது என்று கேட்டால் விலையோ படமோ இல்லை. விலை ஒன்றும் சந்தேகப்படும்படி மலிவாக இல்லை, மற்ற இடங்களில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நான் சாட்டில் ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தக் கல்லை ஊறவைக்க வேண்டுமா?" சும்மா பெட்டி மாற்றி அனுப்புகிறவர் என்றால் "ஆமாம் சார், 20 நிமிஷம்" என்று சொல்லியிருப்பார். இவர் அப்படிச் சொல்லவில்லை. "வேண்டாம் சார், இது ஊறவைக்கிற கல் இல்லை. மேலே தண்ணீர் தெளித்தால் போதும். தண்ணீரிலேயே போட்டு வைத்தால் கல் கெட்டுப்போகும்" என்று பதில் வந்தது. முழுக்கச் சரியான பதில். கூடவே பெட்டியைத் திறந்து கல்லைக் காட்டும் படமும் அனுப்பினார். "உங்கள் கத்தி என்ன எஃகு சார்?" என்று வேறு விசாரித்தார். கல் தெரிந்த மனிதர் என்று நம்பி, அந்த நிமிடமே 6,400 செலுத்தினேன்.

வந்த பெட்டி பார்க்க ஒழுங்காகவே இருந்தது. ஜப்பானிய எழுத்து, ஆரஞ்சு நிறம், எல்லாம் உண்டு. தண்ணீர் தெளித்தேன். மேலே நிற்க வேண்டிய தண்ணீரைக் கல் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. தெளிக்கத் தெளிக்கக் காய்ந்தது. கத்தியை வைத்து இழுத்ததும் விரல் நுனி ஆரஞ்சாகிவிட்டது, சாயம் கரைகிறது! தீட்டிய கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சீரான மங்கல் கோடுகளுக்கு நடுவே ஆழமான கீறல்கள். 1000 என்ற எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பானியத் தர அளவில் 1000 கிரிட் துகளின் சராசரி சுமார் 11.5 மைக்ரான், 3000 என்றால் 4 மைக்ரான். துகள்கள் எல்லாம் அந்த அளவை ஒட்டியே இருக்கும்படி பிரித்தெடுப்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். இந்தக் கல்லில் முரட்டுத் துகள் கலந்திருக்கிறது. ஒரு பக்கம் கூர் வரும்போதே இன்னொரு துகள் வந்து விளிம்பைக் கீறிவிடுகிறது. காகிதத்தை அறுத்துப் பார்த்தேன், அறுபடவில்லை, கிழிந்தது.

தெரிந்தவர் ஒருவரிடம் அசல் இருக்கிறது. கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தோம். அவருடையது 15 மி.மீ., என்னுடையது 12 கூட இல்லை. அவர் கல்லில் தெளித்த தண்ணீர் மேலேயே நின்றது. என் கல்லின் நடுவில் அதற்குள் குழி விழுந்திருந்தது, ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால் கீழே வெளிச்சம் தெரிகிறது. ஒரே கத்தியை அவர் கல்லில் தீட்டினேன், பிசிர் உடனே எழுந்தது, காகிதம் சத்தமே இல்லாமல் அறுந்தது. அப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். வந்த பதில்: "நீங்கள் கல்லை ஊறவைக்கவில்லை சார். அரை மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள்." ஊறவைத்தால் கெட்டுப்போகும் என்று சொன்ன அதே ஆள், அதே சாட்டில், மேலே விரலால் தள்ளினால் அவர் சொன்னது அப்படியே இருந்தது! அதைக் காட்டியதும் பேச்சு மாறியது. "புதுக் கல்லில் மேல் தோல் கொஞ்சம் சரியாக இருக்காது, சமப்படுத்தித் தீட்டுங்கள்" என்றார். இதில் பாதி உண்மை இருக்கிறது, சில புதுக் கற்களுக்கு மேற்பரப்பைக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டியிருக்கும். அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து. சரி என்று சமப்படுத்தினேன். உள்ளேயும் அதே முரட்டுத் துகள், அதே சாயம்.

அடுத்து தளத்தின் கஸ்டமர் கேர். "பொருள் பயன்படுத்தப்பட்டிருப்பதால் ரிட்டர்ன் எடுக்க இயலாது." நனைத்துத் தேய்த்துப் பார்க்காமல் சாணைக்கல் போலி என்று எந்த மனிதனால் கண்டுபிடிக்க முடியும்? மறுபடி கேட்டால் படம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினால் வீடியோ. வீடியோவும் போனது. "உங்கள் புகார் சம்பந்தப்பட்ட குழுவிடம் உள்ளது, 48 மணி நேரத்தில் பதில் வரும்." வராது. மறுபடி அழைத்தால் இன்னொருவர் எடுப்பார், முதலில் இருந்து சொல்ல வேண்டும், மறுபடி 48 மணி நேரம். இப்படி இழுத்துக்கொண்டே போய், இன்று காலை பேசியவர் சொன்னது: "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது சார்." காலத்தை ஓடவிட்டது யார்? 6,400 அவர்களிடம், கல் என்னிடம், முடிந்தது கதை என்கிறார்கள்.

இடையில் விற்பனையாளர் ஒரு பேரமும் பேசினார். நான் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட்டால் 500 திருப்பித் தருவாராம். 6,400க்கு 500! மறுத்தேன். அடுத்த நாள் அந்த விற்பனைப் பக்கமே காணோம், அதோடு என் ரிவ்யூவும் போனது. இப்போது அதே படம், அதே விளக்கம், வேறு கடைப் பெயரில் திரும்ப வந்திருக்கிறது. ஷாப்டன் நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவர்கள் பெயரையும் சேர்த்துத்தான் திருடியிருக்கிறார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அந்த மனநிலை இல்லை. அவசரமாகச் சில. தயாரிப்பாளர் தன் விற்பனையாளர் என்று ஒப்புக்கொள்ளும் கடையிலோ கத்தி, கல் மட்டுமே விற்கும் கடையிலோ வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் ஆனாலும் பரவாயில்லை. பெட்டி வந்ததும் நனைப்பதற்கு முன்பே தடிமனை அளந்து, தயாரிப்பாளர் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். குரோமாக்கு என்றால் நீளம் 210, அகலம் 70, தடிமன் 15 மி.மீ. பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஸ்கேலும் அதில் தெரியட்டும். ஊறாத வகை என்று விற்ற கல் தண்ணீரைக் குடித்தாலோ விரலில் சாயம் ஒட்டினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள். விற்பனையாளர் என்ன யோசனை சொன்னாலும் கேட்டு நாளைக் கடத்த வேண்டாம். சாட்டில் அவர் சொல்வதை எல்லாம் அப்போதைக்கப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த விற்பனைப் பக்கம் போனதில் இருந்து என் பழைய சாட்டும் திறக்க மாட்டேன் என்கிறது, நான் எடுத்து வைத்த இரண்டு படம்தான் இப்போது கையில் மிச்சம். அதை வைத்து நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன்.