டர்பனில் அறைத்தோழரா, தனி அவுட்பில்டிங்கா?

வேலைக்கோ வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்புக்கோ தென்னாப்பிரிக்காவின் டர்பன் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான்: ஒரு பிளாட்டைப் பகிர்வதா, சாட்ஸ்வொர்த் பக்கம் யாராவது வீட்டுப் பின்கட்டில், அதாவது அவுட்பில்டிங்கில், தனியாக இருப்பதா?

வாடகை: பகிர்ந்தால் பாதி. தனியாக என்றால் முழுசும் உங்கள் தலையில்.

மின்சாரம்: பிரீபெய்ட் மீட்டரில் போட்ட யூனிட்டை யார் தீர்த்தது என்ற சண்டை பகிர்ந்த வீட்டில் நிச்சயம் வரும், கீசரை அணைக்காமல் போகிறவரோடு இருந்தால் வாரம் ஒருமுறை வரும். தனியாக இருந்தால் சண்டை இல்லை, ஆனால் பின்கட்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

சமையல்: புரட்டாசியில்தான் தெரியும். நீங்கள் மரக்கறி மட்டும், அவர் அதே சட்டியில் மட்டன் கறி. தனியாக என்றால் உங்கள் சட்டி, உங்கள் விரதம்.

பாதுகாப்பு: இதில் அறைத்தோழர் பக்கம்தான் நான். ராத்திரி கேட்டைத் திறக்க உள்ளே ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம். பின்கட்டிலும் முன்வீட்டுக்காரர் இருப்பார், சரி, அப்புறம் உங்கள் விருந்தாளிகளையும் அவரே எண்ணுவார்!

டெபாசிட்: 1999 வாடகை வீட்டுச் சட்டப்படி உரிமையாளர் அதை வட்டி தரும் கணக்கில் போட வேண்டும், வட்டி உங்களுக்கு. பகிரும்போது ஒப்பந்தத்தில் நீங்களும் அறைத்தோழரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், அவர் ஓடிவிட்டாலும் முழு வாடகையையும் உங்களிடமே கேட்க வாய்ப்புண்டு, படித்துவிட்டுப் போடுங்கள்.

மாணவருக்கும் புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கும் பகிர்வதே சரி. இரவு ஷிப்ட் பார்ப்பவர், விரதம் கறாராக இருப்பவர் பின்கட்டைப் பாருங்கள்.