ராத்திரியில் அளக்கும் பிபி மெஷின்: அளப்பது சரி, அந்தச் சராசரிதான் தாங்கவில்லை

என் பிபி மெஷினில் கையைச் சுற்றிக் கட்டும் பட்டையான கஃப்பின் ரப்பர் குழாயில் காற்று கசிய ஆரம்பித்து, போன வாரம்தான் புது கஃப் மாற்றினேன். கேள்விப்பட்ட நண்பர், "அந்த மெஷின் எப்படி, நானும் வாங்கலாமா?" என்றார். எனக்கு அதன் மேல் பிரியமும் உண்டு, கோபமும் உண்டு. அதனால் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

மேல்கையில் கட்டுகிற வழக்கமான மெஷின்தான். நான் வாங்கியது அதிலுள்ள ராத்திரி மோடுக்காக. கட்டிக்கொண்டு படுத்தால் தூக்கத்தில் தானாக மூன்று முறை அளந்து வைக்கும். பகலில் அளவு சரியாக இருந்தும் தூக்கத்தில் மட்டும் பிபி ஏறியிருக்கிறவர்கள் உண்டு. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கணிக்க பகல் பிபியைவிட ராத்திரி பிபியே நன்றாக உதவுகிறது. தூக்கத்தில் பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். அதற்கும் குறைவாக இறங்கினால் காரணம் தேட வேண்டும்: தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், உப்பு என்று பலவும் இருக்கலாம்.

அளப்பதில் பெரிய குறை இல்லை. மோட்டார் சத்தம் மெல்லியதுதான், ஆனால் கஃப் இறுக்கும்போது சில நாள் விழிப்பு வந்துவிடும். அன்றைக்கு வரும் எண் தூக்கத்தின் எண் இல்லை. ஒருக்களித்துப் படுத்து, கஃப் கட்டிய கை மேலே இருந்தாலும் சிக்கல்: இதய மட்டத்துக்கு 10 செ.மீ. மேலே இருந்தால் 7, 8 புள்ளி குறைத்துக் காட்டும். அதனால் ஒரே ராத்திரியை நம்பாமல் பல ராத்திரிகளைச் சேர்த்துப் பார்க்கிறேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று கிடைத்தது. கைக்கடிகாரம் தரும் எச்.ஆர்.வி. எண்ணை, அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை, இதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பகலில் பிபி மேலும் கீழும் ஆடுகிறது. படி ஏறினால், பேசினால், கோபப்பட்டால் ஏறும். தூக்கத்தில் அந்த ஆட்டம் அடங்குகிறது. துடிப்பின் இடைவெளியோ நேர்மாறாக, தூக்கத்தில்தான் கூடுதலாக மாறுகிறது. இதயத் துடிப்பைத் தளர்த்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கி, மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைந்து, விடும்போது சற்றுத் தளர்கிறது. ஒன்றில் ஏற்ற இறக்கம் குறைவதும் மற்றொன்றில் கூடுவதும் ஒரே ஓய்வின் அடையாளம். கனவுத் தூக்கத்தில் இரண்டுமே கொஞ்சம் குழம்பும், விடிகிற நேரத்தில் பிபி மறுபடி ஏறத் தொடங்கும். என் உடம்பிலேயே இதைப் பார்க்க முடிந்ததற்கு மெஷினுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். ஆப்பைத் திறந்ததும் முதலில் தெரிவது ஒரே ஒரு சராசரி. பகல், ராத்திரி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண்! பகலில் நான்கு முறை அளந்ததில் எனக்கு 138/86 அளவில் வந்தது, ராத்திரி மூன்று முறையும் 128/80 அளவில். ஆப் காட்டியது 134/83, அதுவும் பச்சை நிறத்தில். வீட்டு அளவுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 135/85, தூக்கத்துக்கு 120/70. பகலும் தாண்டியிருக்கிறது, ராத்திரியும் தாண்டியிருக்கிறது, இறக்கமோ 7 சதவீதம்தான். இதற்கா பச்சை? பகலில் இன்னும் நான்கு முறை அளந்திருந்தால் இதே சராசரி 135-ஐத் தாண்டியிருக்கும். என் ரத்தக் குழாயில் எதுவும் மாறியிருக்காது. டாக்டர் அந்தப் பச்சையைத் தள்ளிவிட்டு, பதிவுகளைத் தனித்தனியாகப் பார்த்ததும் குறட்டை உண்டா என்றுதான் முதலில் கேட்டார். தயாரிப்பாளருக்கு எழுதினேன், "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. அப்டேட் வந்தபோது பச்சையின் அழுத்தம்தான் மாறியிருந்தது.

இவ்வளவு பாராட்டிய பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ராத்திரி அளவு தெரிய வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி 24 மணி நேர பிபி பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அதன் அறிக்கையில் பகலும் ராத்திரியும் தனித்தனியாகவே வரும். ஏற்கெனவே வாங்கியவர்கள் அந்தச் சராசரியைப் பார்த்து மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். பதிவுப் பட்டியலைத் திறந்து, ராத்திரி எண்களை ஒரு தாளில் தனியாக எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.