எட்டாம் வகுப்புக் கணக்குக்கு ஒரு தராசு: பொருள் நன்று, கையேடு சொதப்பல்

எட்டாவது படிக்கும் மகளுக்காக ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் தராசு இது. 749 ரூபாய். இரண்டு தட்டு, 30 குட்டிக் கட்டைகள், ஆறு துணிப்பைகள், எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு. மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வாங்கக் காரணம், "வகுத்தல் அந்தப் பக்கம் போனா பெருக்கல்" என்று மந்திரம் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாள், ஏன் என்று கேட்டால் "மிஸ் சொன்னாங்க". எக்ஸ்/3 + 2 = 6 கொடுத்தால் அந்த 3ஐத் தூக்கி வலப்பக்கம் போட்டு எக்ஸ் + 2 = 18, விடை 16 என்பாள். நாலு தடவை திருத்தினேன், ஐந்தாவது தடவையும் 16.

தராசு வந்ததும் இதே கணக்கைத்தான் முதலில் வைத்தோம். மூன்றால் பெருக்கினால் தட்டுக்கு 18 என்று கட்டைகள் 36 வேண்டும், பெட்டியில் இருப்பதோ 30 (இது என்ன கணக்கு என்று விற்றவர்தான் சொல்லவேண்டும்). கட்டைகளை ஓரங்கட்டிவிட்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்தால் பழையதும் புதியதும் ஒரே எடை இல்லை, பிரித்துப் பொறுக்கவே அரை மணி நேரம். சரி, போகட்டும். மூன்று பைகளில் அவள் பார்க்காமல் நாலு நாலு நாணயம் போட்டுக் கட்டினேன், மூன்றும் சேர்ந்தால் ஒரு எக்ஸ். இடத்தட்டில் ஒரு பையும் 2 நாணயமும், வலத்தட்டில் 6 நாணயமும் பையின் எடைக்கு ஈடாக ஒரு காலிப் பையும். முள் நடுவில் நின்றது. இப்போது மூன்றால் பெருக்கு என்றேன். வழக்கம்போல் பையை மூன்றாக்கினாள், வலப்பக்கம் 18 நாணயமும் மூன்று காலிப் பையும் வைத்தாள், இடப்பக்கத்து 2 நாணயத்தைத் தொடவே இல்லை. வலத்தட்டு டொக்கென்று கீழே போனது. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவள் தானாகவே இடப்பக்கம் இன்னும் 4 நாணயம் வைத்து, "அப்போ தட்டுல இருக்கிற எல்லாத்தையுமா பெருக்கணும்?" என்றாள். கொடுத்த காசு அந்த நிமிஷமே வசூல்.

எதுவும் பக்கம் தாண்டிப் போகவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சமக்குறி என்றால் "இதோ விடை வருது" என்ற அறிவிப்பு என்றுதான் நினைத்திருக்கிறாள். 1557ல் அந்தக் குறியை அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறு இல்லை என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே எண்தான், எழுதியிருக்கும் விதம்தான் வேறு, அதனால் அதை மூன்று மடங்காக்கினால் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும்?

இனி கையேடு. இரண்டு பக்கத்தையும் எந்த எண்ணால் வேண்டுமானாலும் பெருக்கலாம், சமன்பாடு மாறாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பூச்சியத்தைப் பற்றிப் பேச்சே இல்லை! விளையாடி முடித்து இரண்டு தட்டையும் காலி செய்தாள், முள் அப்போதும் நடுவில்தான் நின்றது. இதுதான் பூச்சியத்தால் பெருக்குவது என்றேன். தராசு சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைப் பார்த்து எக்ஸ் எத்தனை என்று சொல்ல முடியுமா? 12ஆகவும் இருக்கலாம், 700ஆகவும் இருக்கலாம். மூன்றால் பெருக்கினால் மூன்றால் வகுத்துப் பழைய இடத்துக்கே திரும்பலாம், பூச்சியத்திலிருந்து திரும்ப வழி இல்லை. திரும்பி வர முடிந்தால்தான் பழைய சமன்பாடும் புதியதும் சமானம். எக்ஸாலேயே பெருக்கும்போதும் இதே வில்லங்கம்தான்: எக்ஸ் = 3ஐ எக்ஸால் பெருக்கினால் எக்ஸ் × எக்ஸ் = 3 × எக்ஸ், அதற்கு 3ம் சரி, எங்கிருந்தோ வந்த 0வும் சரி. ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் மார்க்கை விடுவது இங்கேதான், அதைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

குறை எண்ணால் பெருக்குவதை இந்தத் தராசில் காட்டவே முடியாது, அதற்கு நோட்டுக்குத்தான் போகவேண்டும். இடத்தட்டு இரண்டாவது வாரமே லேசாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது, அடியில் இருக்கும் திருகை ஒவ்வொரு தடவையும் சரிசெய்துகொள்கிறோம். மாற்றித் தரச் சொல்லி இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை. ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்கலாம், வந்ததும் கையேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் "பூச்சியம் தவிர" என்று எழுதிவிடுங்கள்.