மேலே திறக்கும் பூனைக்கூடை: அடிபட்ட பூனையோடு ஆறு வாரம்

பின்னங்கால் ஒடிந்து வண்டிக்கு அடியில் பதுங்கிக் கிடந்த ஒரு தெருப்பூனைக்காக அவசரத்தில் வாங்கிய பிளாஸ்டிக் கூடை இது. முன்கதவு மட்டும் இருக்கும் கூடைக்குள் வலியில் இருக்கும் பூனையைத் தள்ளுவது நடக்கிற காரியமில்லை, கால்களை விரித்துக்கொண்டு நிற்கும், நம் கைதான் கிழியும். இதில் தடித்த துண்டால் சுற்றித் தூக்கி மேல்வழியாக அப்படியே இறக்கிவிட்டேன். மருத்துவரும் மேல்பாதியைக் கழற்றிவிட்டு, பூனையை வெளியே எடுக்காமலே முதல் பரிசோதனையை முடித்தார். (வலிக்கு பாரசிட்டமால் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.)

குறை என்றால் தாழ்ப்பாள்தான். இரண்டாவது வாரமே ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது, கயிறு போட்டுக் கட்டித்தான் சமாளித்தேன். சிறுநீர் அடியில் தேங்குகிறது, பழைய துணி விரித்தே ஆக வேண்டும். கழுவுவது சுலபம். அப்புறம், கால் ஆறும்வரை இதிலேயே வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பூனை மலசலம் கழிக்கும் மணல்தட்டு வைக்கக்கூட இடமில்லை, அதற்குப் பெரிய கம்பிக்கூண்டு தனியாக வேண்டும்.

புது வீட்டுக்கு அனுப்பும்போது, அதன் வாசனை ஏறிய துணியோடு கூடையையும் சேர்த்தே கொடுத்தேன். முதல் இரண்டு நாள் கதவு திறந்திருந்தும் அதற்குள்தான் தூங்கியதாம்.