"இங்க வரியே இல்லப்பா"ன்னு சொல்றவங்களுக்கு: வாஷிங்டன் ஸ்டேட் பட்ஜெட் அண்ட் பாலிசி சென்டர் பத்தி என் ரிவ்யூ

சியாட்டில் பக்கம் புதுசா வர்ற தமிழ் ஃபேமிலி எல்லாரும் முதல் வாரத்துலயே யார் வாயாலயாவது இத கேட்டுருவாங்க, "இங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாதுப்பா, கலிஃபோர்னியாவுக்கு போகாம இங்க வந்தீங்க, தப்பிச்சீங்க". நானும் பல வருஷம் இதையே தான் மத்தவங்களுக்கு சொல்லிட்டு இருந்தேன். அது எனக்கும் என்ன மாதிரி ஐடி சம்பளக்காரங்களுக்கும் தான் உண்மை, எல்லாருக்கும் இல்லன்னு எனக்கு புரிய வச்சது இந்த சென்டரோட வேலை. அதனால தான் கடைக்கும் ஹோட்டலுக்கும் ரிவ்யூ எழுதுற மாதிரி இதுக்கும் ஒன்னு எழுதணும்னு தோணுச்சு.

இவங்க வாஷிங்டன் ஸ்டேட்டோட (தலைநகர் வாஷிங்டன் டி.சி. இல்ல) சியாட்டில்ல இருக்குற ஒரு ஆராய்ச்சி அமைப்பு, லாப நோக்கம் இல்லாதது. ஸ்டேட் பட்ஜெட்ட எடுத்து வச்சு காசு எங்க இருந்து வருது, யார் தலையில விழுது, எங்க போகுதுன்னு கணக்கு பாத்து எழுதுவாங்க, சட்டசபை கூடுற நேரத்துல ஸ்டேட் தலைநகர் ஒலிம்பியாவுக்கு போய் பேசவும் செய்வாங்க. எல்லாம் ஃப்ரீ தான், யாரும் படிக்கலாம்.

முதல்ல வரி விஷயம், ஏன்னா இவங்க உயிரே அதுல தான் இருக்கு. வாஷிங்டன்ல இன்கம் டாக்ஸ் இல்லாததால ஸ்டேட்டுக்கு வேண்டிய காசுல பெரும் பங்கு சேல்ஸ் டாக்ஸ்ல இருந்து வருது. ஸ்டேட்டுக்கு மட்டும் 6.5 சதவீதம், ஊருக்கு ஊர் அதுக்கு மேல சேரும், 2023ல சியாட்டில்ல மொத்தம் 10.25. அந்த வருஷம் நான் ஒரு கடை பில்ல பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருந்தேன். அரிசி, பருப்பு, பால், தக்காளி எதுக்கும் வரி இல்ல, சமைக்காத சாப்பாட்டு சாமானுக்கு இங்க விலக்கு. ஆனா டயபர் பாக்கெட்டுக்கு வரி, சோப்புக்கு வரி, பையனோட ஸ்கூல் ஷூவுக்கு வரி. அந்த டயபருக்கு நானும் அதே வரி தான் கட்றேன், கடை கேஷ் கவுன்ட்டர்ல நிக்கிற அந்த பொண்ணும் அதே வரி தான் கட்றா. எனக்கு அது ஒன்னுமே இல்ல, அவ சம்பளத்துல அது எவ்வளவு பெரிய துண்டுன்னு நான் யோசிச்சதே இல்ல.

இதுக்கு நம்பரும் இருக்கு. இன்ஸ்டிடியூட் ஆன் டாக்ஸேஷன் அண்ட் எகனாமிக் பாலிசின்னு ஒரு அமைப்பு அமெரிக்கா முழுக்க எல்லா ஸ்டேட்டையும் ஒப்பிட்டு போடுற கணக்கு, 2018ல அதுல ஏழைங்க மேல அதிக பாரம் போடுற ஸ்டேட்னு முதல் இடம் வாங்கினது வாஷிங்டன். அடிமட்ட 20 சதவீத குடும்பங்க வருமானத்துல 17.8 சதவீதம் ஸ்டேட், லோக்கல் வரியா போச்சு, உச்சியில இருக்குற 1 சதவீதத்துக்கு வெறும் 3. மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் இருக்குற ஊர்ல இப்படி. 2024 ஜனவரில வந்த அடுத்த கணக்குல ஃப்ளோரிடா முதல் இடத்துக்கு போச்சு, நாம ரெண்டாவது, அடிமட்டத்துக்கு 13.8, உச்சிக்கு 4.1. ரெண்டு சட்டத்துக்கு இதுல பங்கு இருக்கு, ரெண்டுக்காகவும் கூட்டணியில சேர்ந்து வருஷக்கணக்கா உழைச்சவங்கள்ல இவங்களும் உண்டு.

ஒன்னு கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ். 2021ல சட்டம் வந்துச்சு, அப்போ போட்ட விதி இது: ஷேர் மாதிரி விஷயங்கள வித்து வருஷத்துக்கு 2,50,000 டாலருக்கு மேல லாபம் வந்தா அந்த மேல்பட்ட தொகைக்கு 7 சதவீதம். வீடு வித்தா கிடையாது, ரிடயர்மென்ட் அக்கவுன்ட்டுக்கும் கிடையாது. இதுக்கு பின்னால பழைய கதை ஒன்னு இருக்கு, 1932லயே இந்த ஊர் ஜனங்க 70 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு இன்கம் டாக்ஸ் வேணும்னாங்க, அடுத்த வருஷம் ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு அத தூக்கி எறிஞ்சுது, வருமானமும் சொத்து தான், சொத்து வரின்னா எல்லாருக்கும் ஒரே விகிதம் தான்னு. அந்த ஒரு ஓட்டு வித்தியாசம் தான் 90 வருஷமா டயபர் பில்ல வந்து உக்காந்திருக்குன்னு புரிஞ்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல, நிஜமா சொல்றேன். 2023 மார்ச்ல அதே கோர்ட், இது விக்கிறதுக்கான வரி, வருமான வரி இல்லன்னு சொல்லி 7க்கு 2ன்னு கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ ஏத்துக்கிச்சு. 2024 நவம்பர்ல இத ரத்து பண்ணணும்னு நேரா ஓட்டுக்கு வந்த மனுவ (இனிஷியேட்டிவ்) ஜனங்க பெரிய வித்தியாசத்துல தோக்கடிச்சாங்க.

இன்னொன்னு வொர்க்கிங் ஃபேமிலீஸ் டாக்ஸ் கிரெடிட், கம்மி வருமானத்துல வேலை பாக்குற குடும்பங்களுக்கு ஸ்டேட் திருப்பிக் குடுக்குற காசு. சட்டம் 2008லயே வந்துருச்சு, ஆனா காசு ஒதுக்கல, 13 வருஷம் பேப்பர்லயே கிடந்துச்சு. 2021ல தான் உயிர் வந்து, 2023 பிப்ரவரில விண்ணப்பம் வாங்க ஆரம்பிச்சாங்க. முதல் வருஷம் பிள்ளைங்க எண்ணிக்கைய பொறுத்து அதிகபட்சம் 300 டாலர்ல இருந்து 1,200 வரைக்கும், வருமானம் ஏற ஏற அது குறையும். இதுல நான் ரொம்ப மதிக்கிற விஷயம், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாம ஐடிஐஎன் (வரி ஃபைல் பண்றதுக்குன்னு மட்டும் குடுக்குற நம்பர்) வச்சு ஃபைல் பண்றவங்களுக்கும் உண்டு. ஃபெடரல்ல, அதாவது மத்திய அரசு, குடுக்குற இதே மாதிரி கிரெடிட்ல அவங்களுக்கு இடமே இல்ல. உரிமைன்னு பெரிய வார்த்தையில பேசறது எனக்கு இப்படி தான் புரியுது, வரி கட்றவங்க எல்லாரும் வரி கட்றவங்க தான், நம்பர் எதுவா இருந்தா என்ன.

எனக்கு தெரிஞ்ச ஒரு அண்ணன் கோயில் மடப்பள்ளில வேலை பாக்குறார், மத சம்பந்தமான வேலைக்கு வர்றவங்களுக்கு குடுக்குற ஆர்-1 விசா, அண்ணி ஐடிஐஎன் வச்சிருக்காங்க, ரெண்டு பிள்ளைங்க. வழக்கமா ஃபைல் பண்ற டாக்ஸ் ஆபீஸ்ல "உங்களுக்கு எந்த கிரெடிட்டும் வராது"ன்னு ஒரே வரியில அனுப்பிட்டாங்க, ஃபெடரல் கணக்க மட்டும் பாத்துட்டு. நான் இவங்க எழுதினத படிச்சிருந்ததால "அண்ணா, ஸ்டேட்டுக்கு தனியா போடணும், டிபார்ட்மென்ட் ஆஃப் ரெவென்யூக்கு, உங்களுக்கு வரும்"னு சொன்னேன். அவருக்கு நம்பிக்கை இல்ல. பிரசாத ஹால் பெஞ்ச்ல உக்காந்து லேப்டாப்ல போட்டோம், கையில இன்னும் புளியோதர மிக்ஸ் வாசன, ஒவ்வொரு கேள்விக்கும் "இதுல விசாவுக்கு பிரச்சன வராதேம்மா"ன்னு கேட்டுட்டே இருந்தார். 900 டாலர் செக் வந்துச்சு. அண்ணி அந்த செக்க ஃபோட்டோ எடுத்து அனுப்பினாங்க, கீழ ஒன்னும் எழுதல.

படிப்பு விஷயத்துல இவங்க எழுத்துக்கு பெரிய பின்னணி மெக்லியரி வழக்கு. 2012ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட், நீங்க பள்ளிக்கூடங்களுக்கு அரசியல் சட்டம் சொல்ற அளவுக்கு காசு குடுக்கலன்னு சட்டசபைய பாத்து சொல்லிருச்சு, 2015 ஆகஸ்ட்ல இருந்து நாளுக்கு 1,00,000 டாலர் அபராதம். கடைசில ஸ்டேட் சொத்து வரிய ஏத்தி தான் ஸ்கூலுக்கு காசு குடுத்தாங்க, 2018ல சியாட்டில் இருக்குற கிங் கவுன்ட்டில வீடு வச்சிருந்தவங்களுக்கு பில் எகிறினது ஞாபகம் இருக்கும். அதான், ஸ்கூலுக்கு காசு வேணும்னா யார்கிட்ட இருந்துங்கற கேள்வி திரும்ப வரியில தான் வந்து நிக்குது. 2021 சட்டம் போட்ட கணக்குப்படி கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ்ல வருஷத்துக்கு முதல் 500 மில்லியன் டாலர் குழந்தைங்க பராமரிப்பு, படிப்பு பக்கம், மிச்சம் ஸ்கூல் கட்டடத்துக்கு.

வேலை, சம்பளம் பத்தி படிக்கணும்னா இதே ஊர்ல இருக்குற எகனாமிக் ஆப்பர்ச்சூனிட்டி இன்ஸ்டிடியூட்ட நான் முதல்ல சொல்வேன், மினிமம் வேஜ், சம்பளத்தோட லீவு எல்லாத்துலயும் அவங்க பழைய கை. 1998லயே விலைவாசியோட சேர்ந்து ஏறுற மாதிரி மினிமம் வேஜ ஓட்டுப் போட்டு கொண்டு வந்த ஸ்டேட் இது, 2025ல 16.66 டாலர்.

படிக்கறவங்க ஒன்னு மனசுல வச்சுக்கணும், இவங்க ஒரு பக்கம் நிக்கிறவங்க, அத மறைக்கவும் இல்ல. அந்தப் பக்கம் என்ன சொல்றாங்கன்னு வாஷிங்டன் பாலிசி சென்டர படிங்க, பேரு கிட்டத்தட்ட ஒன்னு, நிலைப்பாடு நேர் எதிர். கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ் வேற பேர்ல வர்ற இன்கம் டாக்ஸ் தான்னு அவங்க வாதம். அமேசான் நிறுவனர் பெஸோஸ் 2023ல மயாமிக்கு போறேன்னு சொன்னத கூட இதோட சேர்த்து பேசறவங்க இருக்காங்க, அவர் சொன்ன காரணங்கள்ல ஒன்னு அப்பா அம்மா பக்கத்துல இருக்கணும்னு. இன்னொரு நியாயமான கவலையும் உண்டு, சில ஆயிரம் பேர் தான் இந்த வரி கட்றாங்க, மார்க்கெட் ஏறினா கொட்டுது, இறங்கினா வத்திப் போகுது, முதல் வருஷம் எதிர்பார்த்தத விட அதிகம் வந்து அடுத்த வருஷம் நல்லாவே விழுந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சும் நான் அஞ்சுக்கு அஞ்சு குடுக்குறேன், டயபர் மேல வர்ற வரிய விட இது மேல்னு மனசார நம்பறதால.

வொர்க்கிங் ஃபேமிலீஸ் கிரெடிட்டுக்கு போட நெனைக்கிறவங்களுக்கு: அந்த வருஷத்துல குறைஞ்சது 183 நாள் வாஷிங்டன்ல இருந்திருக்கணும், ஃபெடரல் ரிட்டர்ன் ஃபைல் பண்ணியிருக்கணும், விட்டுப்போன முந்தின வருஷங்களுக்கும் மூணு வருஷம் வரைக்கும் போடலாம். அந்த அண்ணன் இப்போ மடப்பள்ளில கூட வேலை பாக்குற இன்னும் ரெண்டு குடும்பத்த கூட்டிட்டு வரேன்னு சொல்லிருக்கார், அதே பெஞ்ச் தான், லேப்டாப் சார்ஜர மட்டும் இந்த தடவ மறக்காம எடுத்துட்டு போகணும்.