தனிக்கட்சியா, பெரிய கட்சியா? மம்தாவும் ஹிமந்தவும்

காங்கிரஸிலிருந்து பிரிந்து போய் முதல்வரான இருவர்: மேற்கு வங்கத்தின் மம்தா பானர்ஜி, அசாமின் ஹிமந்த பிஸ்வ சர்மா. தாய்க்கட்சியில் மூச்சுமுட்டும் ஒருவர் யார் வழியில் போகலாம்?

காத்திருப்பு
மம்தா: 1998இல் திரிணாமுல் காங்கிரஸ் என்ற தனிக்கட்சி, 2011இல் முதல்வர்.
ஹிமந்த: 2015இல் பாஜக, 2021இல் முதல்வர். 2016இல் அசாமில் பாஜக ஜெயித்தபோது முதல்வர் நாற்காலி அக்கட்சியின் சர்வானந்த சோனோவாலுக்குப் போனது.

சோதனை
பெரிய வித்தியாசம் இங்கேதான். 2004 மக்களவைத் தேர்தலில் திரிணாமுலில் ஜெயித்தது மம்தா ஒருவர் மட்டும், அதுவும் தெற்கு கொல்கத்தாவில். 2006 சட்டமன்றத் தேர்தலில் 30 இடங்கள். அப்புறம் தொழில் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த சிங்கூர், நந்திகிராம் போராட்டங்கள் வந்தன. 2011 சட்டமன்றத் தேர்தலில் 184 இடங்கள். ஹிமந்தவுக்கு அப்படியொரு வனவாசமே இல்லை, 2016இலேயே அமைச்சர்.

தொகுதி
2001 முதல் ஜலுக்பாரி ஹிமந்தவைக் கைவிடவில்லை. சின்னம் கையிலிருந்து தாமரைக்கு மாறியும்கூட.

அதிகாரம்
மம்தா: கட்சியில் அவர் வைத்ததே சட்டம்.
ஹிமந்த: எவ்வளவு வளர்ந்தாலும் கடைசிச் சொல் டெல்லியில்.

சொந்தத் தொகுதியும் நிர்வாகத் திறமையும் இருந்து, சீக்கிரம் பதவி வேண்டுமென்றால் ஹிமந்த வழி. ஒற்றை எம்.பி.யாக நின்றும் தெருவில் இறங்கிப் போராடும் தெம்பு இருந்தால் மம்தா வழி. என் மதிப்பு இரண்டாவதற்கே. அதில் வாக்காளரிடம் புதிதாகக் கேட்டுத்தான் ஒவ்வோர் இடத்தையும் வாங்க வேண்டும்.